கறுப்பு வட்டம்

அந்தக் குடும்பத்துப் பெண்கள் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தங்கள் பெயரைத் தாங்களே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். சத்தமாக இல்லை, உதட்டுக்குள். பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனுக்குக்கூடக் கேட்காது. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, செய்வதாக ஒப்புக்கொண்டதும் இல்லை. பெயர் தடங்கலில்லாமல் வந்துவிட்டால் இன்றைய பொழுதுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் எழுந்து பல் விளக்கப் போகலாம்.

எல்லாம் கொள்ளுப்பாட்டியால் வந்த வினை. புருஷன் செத்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில் அந்த அம்மாள் ஒருநாள் தன் ஒரே மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நான் உன்னைப் பெத்தவ இல்லப்பா. இந்தப் பேரு என் பேரும் இல்ல" என்று சொன்னாளாம். மகனுக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முதலில் துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டார்கள். அவள் விடவில்லை. பீரோவில் இருக்கும் துணியைக் காட்டி "இது அவளோடது" என்பாள். வாசலில் நிற்கும் பால்காரரிடம் போய்த் தன் பெயர் வேறு என்பாள். கடைசியில் வீட்டின் பின்னறையில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். 'நல்லபடியாகப் பார்த்துக்கொண்டோம்' என்ற இரண்டு வார்த்தையோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் பேச்சு மழை, வெயில் என்று தாவிவிடும்.

ஆனால் பயம் மட்டும் சொத்தைப் போல ஒழுங்காகக் கைமாறி வந்தது. இந்த வீட்டில் ஒரு பெண் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால் போதும், மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தனியாகச் சிரித்தால் அவ்வளவுதான். ரத்தத்தில் வருவது என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தது ஆச்சரியமில்லை. வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். பார்க்கும் வேலைக்காகக் கொஞ்சம், நாக்குக்காக மீதி. கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னாள், பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டேன், எங்கள் வீட்டுப் பைத்தியம் என்னோடு நிற்கட்டும் என்று. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பாதி வாழ்நாள் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கு இதெல்லாம் ஒரு பயமா? சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்தால் அவர் முகம் போகும் போக்கை அவள் கவனிக்காமல் இல்லை.

முப்பத்தொன்பது வயதில் நாள் தள்ளிப்போனது. தன் ரத்தத்தைத் தானே எடுத்துத் தானே சோதித்தாள். முடிவைப் பார்த்ததும் கொள்ளுப்பாட்டியின் பின்னறைதான் முதலில் ஞாபகம் வந்தது. அதே நொடியில் இன்னொன்றும் நடந்தது. அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும் என்றிருந்தது. பத்தொன்பது வருஷமாகக் கட்டிக்காத்த வைராக்கியம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயின் முன்னால் பொலபொலவென்று உதிர்ந்துபோனதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மரபு நோய்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருந்தார். நிதானமான பெண்மணி. வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். மூன்று தலைமுறைக்கு மேலே கொள்ளுப்பாட்டியின் வட்டத்தை மட்டும் பேனாவால் முழுக்கக் கறுப்பாக அடித்தார். அந்தக் கறுப்பிலிருந்து கோடு கீழே இறங்கி தாத்தாவுக்கு வந்து, தாத்தாவிலிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவிலிருந்து ஊசிக்கு வந்து, அங்கிருந்து இன்னும் வட்டமா சதுரமா என்று தெரியாத ஒரு சின்னக் கேள்விக்குறியில் நின்றது.

ஒரே ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் ஆலோசகர் சொன்னார். ஊசி விடவில்லை. அப்படியானால் அந்த அம்மாளின் அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இருந்ததா என்று தெரிந்தால் உதவும், அவர் எந்த வீட்டில் பிறந்தவர் என்று ஆலோசகர் கேட்டார். ஊசிக்கு அது தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டுக்குத் தாய்மாமன் என்று ஒருவர்கூட எட்டிப் பார்த்ததாகக் கதையில்லை. கொள்ளுப்பாட்டிக்கு அண்ணன் தம்பி இல்லை, அக்கா தங்கை இல்லை, பிறந்த வீடே இல்லை. வானத்திலிருந்து குதித்தவள் மாதிரி கைக்குழந்தையோடு கதைக்குள் வந்து நிற்கிறாள்.

இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். வைத்துக்கொள்வதா, வேண்டாமா. புருஷனிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது சுத்தமாகி வெகுநேரம் ஆன பிறகும். "நீ என்ன முடிவு பண்ணாலும் சரிம்மா. ஆனா பயத்துல முடிவு பண்ணாத, தெரிஞ்சு முடிவு பண்ணு" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கொள்ளுப்பாட்டியைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஆள், அப்பாவின் அக்கா. எல்லாருக்கும் அவர் டெலிபோன் அத்தை. நாற்பது வருஷம் டெலிபோன் நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க இருந்த ஆட்களை ஒருவரோடு ஒருவர் இணைத்துவிட்டு, தான் மட்டும் யாரோடும் இணையாமல் ஓய்வு பெற்றவர். வரன்கள் வராமல் இல்லை. பைத்தியக்கார வீட்டுப் பெண், நான் ஒருத்தி இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாராம். அதிலொருவர் ஏழு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று வீட்டில் கிசுகிசுப்பார்கள்.

அத்தை மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அந்த வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு கதவே கிடையாது. குடிவந்த வாரமே உள் கதவுகளையெல்லாம் கழற்றிப் பழைய சாமான் எடுக்கிறவரிடம் போட்டுவிட்டார். குளியலறைக்கு ஒரு திரை தொங்கும். விருந்தாளிகள் உள்ளே போய்விட்டு வெளியே கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் படும் பாட்டைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். காற்றோட்டம் வேண்டும் என்பது அத்தையின் விளக்கம்.

ஊசி விஷயத்தைச் சொன்னபோது அத்தை சந்தோஷமும் படவில்லை, திட்டவும் இல்லை. எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டார். கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கேட்டதும் டீயை ஆற்றத் தொடங்கினார். ஏற்கெனவே ஆறிய டீ. தோண்டித் துருவி ஊசி தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா கண்ணாடித் தொழிற்சாலையில் உலை மேஸ்திரி. பழைய கிளையிலிருந்து புதுக் கிளைக்கு மாற்றலாகி வந்தவர். தாத்தா பிறந்தது பழைய கிளை இருந்த ஊரின் பிரசவ ஆஸ்பத்திரியில்.

"போனதை எதுக்குக் கிளறுறே? உனக்கு வேணும்னா வச்சுக்கோ, வேண்டாம்னா விடு. அந்த அறைக்குள்ள மட்டும் போகாத" என்றார் அத்தை. பின்னறை இருந்த அந்த வீடே இடிக்கப்பட்டு அங்கே வண்டி நிறுத்துமிடம் வந்து பல வருஷம் ஆகிறது. அத்தை அதை மறந்தவர் போலப் பேசினார். விடைபெறும்போது சாப்பாட்டு நேரம். அத்தை தட்டை மேசையில் வைத்துவிட்டு உடனே உட்காரவில்லை. கதவில்லாத உள் வாசலைப் பார்த்தபடி, யாரோ ஏதோ சொல்லக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

தொழிற்சாலை மூடப்பட்டு, அதன் காகிதங்களும் பழைய பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவேடுகளும் ஒரே ஆவணக் காப்பகத்தில் வந்து சேர்ந்திருந்தன. அங்கிருந்த எழுத்தருக்குத் தூசியால் நிரந்தர ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுவார். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நிலத்தைத் தேடி வருகிறார்கள், மீதிப் பேர் அப்பாவைத் தேடி வருகிறார்கள், பாட்டிகளைத் தேடி ஆள் வருவது அபூர்வம் என்றார். காரணமும் அவரே சொன்னார். பெண்களைப் பற்றி எழுதிவைத்தால்தானே தேடுவதற்கு?

முதலில் தொழிற்சாலையின் குடும்ப அட்டை கிடைத்தது. புதுக் கிளையில் குடியிருப்பு ஒதுக்கும்போது எழுதியது. மேஸ்திரியின் பெயர், மனைவியின் பெயர், ஆண் குழந்தை ஒன்று. மனைவியின் பிறந்த ஊர் என்ற கட்டம் காலி. கீழே மேஸ்திரியின் கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்து வால் மாதிரி சுழித்துவிட்டிருந்தார். ஊசிக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அப்பாவும் இப்படித்தான் வால் போடுவார்.

அடுத்த முறை போனபோது எழுத்தர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எடுத்துவைத்திருந்தார். தாத்தாவின் பிறந்தநாள் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தேதியில் விரலை வைத்துக்கொண்டு போனாள். இருந்தது. தாயின் பெயர் சரி. தகப்பன் பெயர் சரி. தொழில் கண்ணாடி உலை மேஸ்திரி. ஆண் குழந்தை, நல்ல எடை. அந்த வரியின் கடைசியில் வீடு திரும்பிய தேதி எழுத வேண்டிய கட்டத்தில், காய்ச்சல், தாய் இறப்பு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் குழந்தையைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. வாலோடு.

ஊசி குடும்ப அட்டையைத் திரும்ப வாங்கித் தேதியைப் பார்த்தாள். அட்டை அந்த இறப்புக்குப் பிந்தியது. செத்துப்போன பெண்ணுக்குக் குடியிருப்பு கொடுத்திருக்கிறார்கள்.

யாரோ எழுத்தர் தப்பாக எழுதியிருப்பார் என்று முதலில் தோன்றியது. எழுத்தரும் தம் இனத்தின் மேல் அப்படியொரு பழி வருவதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கையெழுத்தும் ஒன்று. மேஸ்திரி இரண்டு தடவையும் தெரிந்தேதான் வால் போட்டிருக்கிறார். பரிசோதனைக் கூடத்தில் ஊசி எதைவிடவும் பயப்படும் தவறு ஒன்று உண்டு. குழாயின் மேல் ஒட்டிய பெயர் சரியாக இருக்கும், எழுத்துப்பிழை இருக்காது, உள்ளே இருக்கும் ரத்தம் மட்டும் வேறு ஆளுடையதாக இருக்கும். எந்த இயந்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். குடியிருப்பு குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான். பெண்டாட்டி செத்தவன் தனியாட்கள் கொட்டகைக்குப் போக வேண்டும். கொட்டகையில் கைக்குழந்தைக்கு இடமில்லை. அட்டையில் புகைப்படம் ஒட்டும் வழக்கமும் கிடையாது. புதுக் கிளையில் முதல் மனைவியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"அந்தம்மா செத்திருக்கக் கூடாதுங்க. அதனால சாகல, அவ்வளவுதான்" என்றார். இந்த மாதிரி இன்னும் சிலதைத் தாம் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

அப்படியானால் வந்தவள் யார்? ஊசி கேட்டதற்காக அவர் பிரசவ வார்டின் ஆயாக்கள் வருகைப் பதிவையும் தேடி எடுத்துத் தந்தார். அதில் பெயர்களே இல்லை. ஆயாக்களுக்கு மார்பில் குத்திய வில்லை எண்தான் பெயர். குழந்தை வீட்டுக்குப் போன அதே வாரத்தில் ஒரு எண்ணுக்கு நேராக 'வரவில்லை' என்று தொடர்ந்து எழுதி, பிறகு அடித்து, அடுத்த மாதம் அதே எண்ணை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், காய்ச்சலில் படுத்தவளாகக்கூட இருக்கலாம் என்றார் எழுத்தர். ஊசி அந்த எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயில்லாத குழந்தைக்குப் பால் புகட்டித் தூக்கிவைத்திருந்த ஒருத்தி, குழந்தையோடு சேர்த்து ஒரு வீட்டையும் ஒரு புருஷனையும் செத்தவளின் பெயரையும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். கேட்டுப் போனாளா, கேட்காமல் கூட்டிப்போனார்களா என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அங்கே அவள் தடம் முடிந்துபோனது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கணக்கின் மறுபாதி ஊசிக்கு உறைத்தது. தாத்தாவைப் பெற்றவள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். பின்னறையில் கிடந்தவள் தாத்தாவைப் பெறவில்லை. அவள்தான் முதல் நாளிலிருந்தே அதைச் சொன்னாளே. ஆலோசகர் வரைந்த தாளில் அந்தக் கறுப்பு வட்டத்திலிருந்து கீழே கோடே கிடையாது. மேலும், சொன்னது அத்தனையும் உண்மையென்றால் வட்டம் கறுப்பும் இல்லை. ஊசி பஸ் ஜன்னலில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். தனியாக அழுகிற பெண்ணைப் பார்த்தால் ஊரே அப்படித்தான் நினைக்கும் போலிருக்கிறது என்று நினைத்து நடுவில் சிரிப்பும் வந்தது.

புருஷன் அன்றைக்கு லிஃப்ட் குழியிலிருந்து ஏறி வந்த கோலத்திலேயே, கிரீஸ் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தார். பிள்ளையை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. இருவருமே அதற்காக இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊசி அத்தை வீட்டுப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். எழுபத்தாறு வயது அத்தையின் தலையிலிருந்தும் பாரத்தை இறக்கிவைத்துவிடலாம் என்ற அவசரம். அத்தை கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஊசி ஒன்று விடாமல் சொன்னாள், பதிவேடு, அட்டை, கையெழுத்தின் வால், வில்லை எண் எல்லாம். கடைசியாக, "அவங்க நம்ம ரத்தமே இல்ல அத்தை. அவங்களுக்குப் பைத்தியமும் இல்ல" என்றாள்.

அத்தை மடித்த துணியை விரித்து மறுபடி மடித்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஊசி சொன்னாள்.

"அப்ப, பாட்டி சொன்னது நிஜமா?"

"நிஜம் அத்தை."

"எல்லாமேவா?"

ஊசி தலையாட்டினாள். அத்தையின் முகத்தில் அவள் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. பேயறைந்த முகம் என்று எல்லாரும் சும்மா சொல்கிறோம், ஊசி அன்றுதான் அதைப் பார்த்தாள்.

பிறகு அத்தை பேசினார். டெலிபோனில் பேசிப் பழகிய குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக வந்தது. தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, தன் தாயை ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினாராம். அம்மா தன்னை மறந்துவிட்டாள், திரும்பக் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று அழுதாராம். டாக்டர் நல்ல மனுஷர். அம்மாவை அவர் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள், பதில் சொல்லப் பழக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிடம் திரும்பி வருவார் என்று சொல்லி அனுப்பினார். தாத்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அம்மா திரும்ப வேண்டும் என்ற வெறியில் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக் கதவுக்கு வெளியே தட்டோடு நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து 'என்ன' என்று குரல் வந்தால் தட்டு உள்ளே போகும். வராவிட்டால் தட்டு திரும்பிவிடும். பெரியவர்கள் போனால் பாட்டி வாதாடினாள். அதனால் அந்த வேலை வீட்டின் மூத்த பேத்திக்கு வந்தது.

"பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பேத்தி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றார் அத்தை. "முதல்ல எனக்கு வாய் வரல. அப்பா பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தாரு."

அதற்குப் பாட்டி என்ன சொல்வார் என்று ஊசி கேட்டாள்.

"அது நான் இல்ல கண்ணு, அது செத்துப்போன பொண்ணு, பாவம், அவளைக் கூப்பிடாதன்னு சொல்லும். அப்புறம் அதோட சொந்தப் பேரைச் சொல்லும். ஒவ்வொரு வேளையும் சொல்லும், கதவு இடுக்குல வாயை வச்சு."

"என்ன பேர் அத்தை?"

அத்தை மடித்த துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெயர், எண்ணாக மட்டும் எழுதிவைத்த ஒருத்தியின் பெயர், எதிரில் இருக்கும் இந்த நரைத்த தலைக்குள் எங்கோ இருக்கிறது என்று ஊசி காத்திருந்தாள்.

"தெரியாது" என்றார் அத்தை. "அந்தப் பேரைக் காதுல வாங்கினா எனக்கும் ஒட்டிக்கும்னு அப்பா சொல்லியிருந்தாரு. அது வாயைத் திறந்ததும் நான் இன்னும் சத்தமா அவங்க கொடுத்த பேரைக் கத்துவேன். கத்திக் கத்தி அதை அமுக்கிடுவேன். ஒரு தடவைகூட அது என் காதுல முழுசா விழல. இப்பவும் சாப்பிட உட்கார்ந்தா எனக்குக் கேக்குறது அது குரல் இல்ல. என் குரல்தான். சின்னப் பொண்ணுக் குரல், கத்திக்கிட்டே இருக்கும்."

போகப் போகப் பாட்டி வழிக்கு வந்தாளாம். கூப்பிட்டால் 'என்ன' என்பாள், தட்டு போகும். தாத்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், அம்மாவுக்குக் குணமாகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். சில வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் பாட்டி பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"நான் கூப்பிட்டேன். பதில் இல்ல. தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அப்பா, பசிச்சா தானா வழிக்கு வருவாங்கன்னாரு. மறுவேளையும் கூப்பிட்டேன். உள்ள ஆள் உட்கார்ந்திருக்கு, மூச்சு விடுறது கேக்குது. 'என்ன'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் கெஞ்சினேன்டி. சொல்லு பாட்டி, தட்டைக் குடுத்துடறேன்னு கெஞ்சினேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்துச்சு, என் கைக்கு எட்டுற உயரத்துல."

அதற்கு மேல் என்ன நடந்தது என்று ஊசி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பேரைக்கூட மறந்துபோற அளவுக்கு முத்திடுச்சுன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். அது மாதிரி ஆயிடுவேனோன்னு பயந்து வந்தவரையெல்லாம் வேண்டாம்னேன், ஒருத்தரை அத்தனை வருஷம் காக்க வச்சும் வேண்டாம்னேன்." அத்தை மடித்த துணிகளைத் தள்ளிவைத்தார். "அது மறக்கல, இல்ல? தெரிஞ்சுதான் வாயைத் திறக்கல."

"ஆமா அத்தை."

ஒரு நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு படியேறி வந்தவள் தான்தானா என்று ஊசிக்குத் திகைப்பாக இருந்தது. இறக்கிவைக்க வந்த பாரத்தின் மேல் இன்னொரு மலையை ஏற்றி வைத்துவிட்டாள். எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

"அது நம்ம ரத்தம் இல்லன்னா, நம்ம ரத்தம் எதுடி?" என்று கேட்டார் அத்தை. குரல் இப்போது சீராக இல்லை. "தட்டைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னது எங்கப்பா. எடுத்துட்டு வந்தது நான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க அவ்வளவு பேரும் தப்பான ஆளைப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்."

ஊசிக்கு எதற்கும் சட்டென்று பதில் இருக்கும், அந்த வீட்டில் அவளை மடக்கியவர்கள் கிடையாது. நீங்கள் சின்னப் பெண், உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் மனசு அந்தத் தாழ்ப்பாளின் உயரத்திலேயே நின்றுவிட்டது.

அத்தை அவள் வயிற்றைப் பார்த்தார். இன்னும் வெளியே ஒன்றும் தெரியாத வயிறு. மெல்ல ஒரு கையை நீட்டினார், வந்ததிலிருந்து முதல் தடவையாக. நரம்போடிய கை, நாற்பது வருஷம் முன்பின் தெரியாத மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைத்த கை. அது பாதி வழியில் நின்றது. தொடலாமா என்று அத்தை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஊசியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊசி நினைத்தாள். மனசார நினைத்தாள். அத்தை காத்திருந்தார், அவள் கை எழவில்லை.